டோல் காசு வர்ற தேதி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கீழ்புத்துப்பட்டு முகாமுக்கு போயிட்டு வந்ததைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். பாண்டியில இருந்து ஈசிஆர்ல காலாப்பட்டு தாண்டி, கணபதிசெட்டிக்குளம் தாண்டி, மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு எறங்குற ஊர் இருக்குல்ல, அங்க இருக்குற இலங்கைத் தமிழர் முகாம். அங்க ஒரு அக்கா டோல் காசு வந்த அன்னைக்கு சங்கரா மீன் வாங்கி சொதி வெச்சு எனக்கும் ஒரு கிண்ணத்துல ஊத்தி குடுத்தாங்கன்னு எழுதினேன், அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கு வந்த கடிதம் இந்தப் பக்கத்துக்கு வழக்கமா வர்றதை விட ரொம்ப அதிகம், பாதி அக்கறை, பாதி கோபம். அதனால இந்த தடவை மத்த கேள்வி எல்லாத்தையும் ஓரமா எடுத்து வெச்சுட்டு இதை மட்டும் பேசிடலாம்னு இருக்கேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டோல்னு முகாம்ல எல்லாரும் சொல்றது, அரசு காகிதத்துல "பணக்கொடை"ன்னு இருக்கும். தமிழ்நாட்டு முகாம்ல இருக்குற குடும்பத்துக்கு மாசாமாசம் அரசு குடுக்குற காசு. 2021 ஆகஸ்ட்ல சட்டமன்றத்துல அறிவிச்சு ஏத்தின கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1500, மத்த பெரியவங்களுக்கு ஆளுக்கு 1000, 12 வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்களுக்கு 500. இது போக ரேஷன் அரிசி இலவசமா உண்டு. அதே சமயத்துலதான் அகதிகள் முகாம்ங்கிற பேரையும் மாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு வெச்சாங்க.

அரிசி பருப்பா குடுத்தா புள்ளைங்க வயித்துக்கு போகும். கையில காசா குடுத்தா நேரா பிராந்திக் கடைக்குத்தானே போகும்? இதை ஏன் யாருமே சொல்ல மாட்டேங்குறீங்க?
(முத்தியால்பேட்டை வாசகர்)

சொல்றேன் சார். இந்த சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல, உலகம் பூரா இருக்கு, அதனாலதான் இதை ஒக்காந்து ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. உலக வங்கியில டேவிட் எவன்ஸ், அன்னா போபோவான்னு ரெண்டு பேர், ஏழைக் குடும்பங்களுக்கு காசா குடுத்த திட்டங்களைப் பத்தின 19 ஆய்வுகளை ஒண்ணா வெச்சு பாத்து 2014-ல வெளியிட்டாங்க. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கான்னு பல நாட்டு கணக்கு. காசு வந்ததால குடி கூடிச்சா, சிகரெட்டு கூடிச்சான்னு பாத்தா, கூடல. சில இடத்துல கொறைஞ்சுகூட இருக்கு.

முகாம்ல குடிக்கிறவங்களே இல்லைன்னு நான் சொல்ல வரல. உங்க தெருவுல இருக்குற மாதிரி, என் தெருவுல இருக்குற மாதிரி அங்கயும் இருக்காங்க. ஆனா அவங்க குடிக்கிறது பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்கு போயி வர்ற கூலியில, அரசு அரிசி மூட்டையா குடுத்தாலும் அந்தக் கூலி அப்படியேதான் இருக்கப் போகுது.

நான் கண்ணால பாத்ததை சொல்றேன். வயசுக்கு வந்த பொண்ணு இருக்குற வீட்ல நாப்கின் வாங்கணும், அது எந்த மூட்டையில வரும்? அரசு ஆஸ்பத்திரியில மருந்து ஃப்ரீதான், ஆனா முகாம்ல இருந்து ஜிப்மருக்கு போக பஸ்சுக்கு காசு வேணும், அங்க நாள் பூரா நிக்கிற அம்மாவுக்கும் கைப்புள்ளைக்கும் ஒரு டீயாவது பாலாவது வேணும், ஸ்கூல்ல திடீர்னு சார்ட் பேப்பர் கேப்பாங்க, போன் ரீசார்ஜ் பண்ணலைன்னா வீட்டுக்காரரை மறுநாள் வேலைக்கு கூப்பிடுற மேஸ்திரிக்கு லைன் போகாது. இதெல்லாம் சின்ன செலவு, ஆனா ஒரு வீடு நிக்கிறதும் சாயுறதும் இதுலதான்.

இன்னொண்ணு. பொருளா மட்டும் குடுத்தா ஜனங்க அந்தப் பொருளை வித்துதான் மத்ததை வாங்குவாங்க. உலகத்துல பல முகாம்ல இது நடந்திருக்கு. பத்து ரூபா பொருளை அஞ்சு ரூபாய்க்கு வித்துட்டு மாத்திரை வாங்குறதுக்கு, பத்து ரூபாயையும் கையில குடுத்துட்டா குடும்பத்துக்கும் நஷ்டம் இல்ல, குடுக்குறவங்களுக்கும் நஷ்டம் இல்ல. மூட்டை தூக்கறது, குடோன் வாடகை, லாரி வாடகை எல்லாம் மிச்சம்.

நீங்க பாட்டுக்கு காசு நல்லதுன்னு எழுதிட்டீங்க. நம்ம பாண்டியில ரேஷன் அரிசிக்கு பதிலா பேங்க்ல காசு போட்டப்போ நாங்க பட்ட பாடு உங்களுக்கு தெரியாதா? கடையில அரிசி விலை ஒண்ணு, கணக்குல விழுற காசு ஒண்ணு.
(லாஸ்பேட்டை வாசகி)

தெரியும்மா, நானும் அதே க்யூவுல நின்னவதான். உங்க கடிதத்தை படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே ஒக்காந்துட்டேன், ஏன்னா காசு உதவியைப் பத்தி வந்த கடிதத்துலயே ரொம்ப சரியான கேள்வி இது.

2015 செப்டம்பர்ல சண்டிகர்லயும் நம்ம புதுச்சேரியிலயும்தான் மத்திய அரசு ரேஷன் அரிசிக்கு பதிலா நேரா பேங்க் கணக்குல காசு போடுறதை மொதல்ல ஆரம்பிச்சு பாத்துச்சு. அப்புறம் மாநில அரசோட இலவச அரிசியும் இதே சண்டையில மாட்டுச்சு, அரிசியாத்தான் குடுக்கணும்னு அப்போ முதல்வரா இருந்த நாராயணசாமி ஒரு பக்கம், காசாத்தான் போடணும்னு துணைநிலை ஆளுநரா இருந்த கிரண் பேடி ஒரு பக்கம், கோர்ட்டு வரைக்கும் போச்சு. நடுவுல ரேஷன் கடை எல்லாம் பூட்டிக் கெடந்துச்சு. கடைசியா 2024 அக்டோபர்ல, தீபாவளிக்கு முன்னாடி, கடையை தெறந்து மறுபடியும் அரிசி போட்டாங்க. அன்னைக்கு எங்க தெரு பொம்பளைங்க மூஞ்சியில இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா ஒரு விஷயத்தை நெனச்சு பாருங்க. அப்போ நம்ம என்னன்னு கொறை சொன்னோம்? காசு குடுக்காதீங்கன்னா சொன்னோம்? காசு வர்ற தேதி தெரியலைன்னோம், ரெண்டு மாசம் சேத்து வருதுன்னோம், வந்த காசை பேங்க்காரங்க பழைய பாக்கிக்கு புடிச்சுக்கிட்டாங்கன்னோம், கடை விலைக்கு அது பத்தலைன்னோம். எல்லாமே தொகையைப் பத்தியும் தேதியைப் பத்தியும்தான். கையில காசு இருக்குறது யாருக்கும் கசக்கல.

அதனால என் கட்சி இது. வயித்துக்கு அடிப்படையான அரிசி அரிசியாவே வரட்டும், அதுக்கு மேல காசு வரட்டும், அது சொன்ன தேதியில வரட்டும், விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறட்டும். தமிழ்நாட்டு முகாம்ல மொத ரெண்டும் இருக்கு, அரிசியும் உண்டு காசும் உண்டு. கடைசி ஒண்ணுதான் இல்ல. 2011-ல தலைவருக்கு 1000 ரூபான்னு ஆக்கினாங்க, அப்புறம் ஏறினது 2021-ல. பத்து வருஷம்! அந்த பத்து வருஷத்துல கேஸ் என்ன விலைக்கு போச்சு, எண்ணெய் என்ன விலைக்கு போச்சு, உங்களுக்கு நான் சொல்லணுமா.

எனக்கு குறிஞ்சிப்பாடியில மளிகைக் கடை. முகாம் ஜனங்க நெறைய பேர் என்கிட்டதான் கணக்கு வெச்சு வாங்குறாங்க, டோல் வந்ததும் தீத்துடுவாங்க, அப்போ ரெண்டு மூணு நாள் கடையில கூட்டம். பக்கத்து கடைக்காரர், "இவங்களுக்கு காசு குடுக்குறதாலதான் விலை ஏறுது"ங்கிறார். நெசமா?
(குறிஞ்சிப்பாடி வாசகர்)

அண்ணே, உங்க பக்கத்து கடைக்காரர்கிட்ட லெபனான் கதையை சொல்லுங்க. 2013 கடைசியில இருந்து 2014 வசந்த காலம் வரைக்கும், அங்க மலை மேல உசரமான எடத்துல தங்கியிருந்த சிரியா அகதிக் குடும்பங்களுக்கு குளிர்காலத்துக்குன்னு மொத்தம் 575 டாலர் மாசாமாசம் பிரிச்சு ஏடிஎம் கார்டுல குடுத்தாங்க. பனி கொட்டுற எடம், அடுப்பு எரிக்கவும் எண்ணெய் வாங்கவும்தான் குடுத்தது. சர்வதேச மீட்புக் குழுன்னு ஒரு தொண்டு நிறுவனம் அதை ஆராஞ்சு பாத்தப்போ ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. குடுத்த ஒவ்வொரு டாலரும் கடைக்காரர் கை, அவருக்கு சரக்கு போடுறவர் கைன்னு சுத்தி லெபனான் நாட்டு பொருளாதாரத்துல 2 டாலர் 13 சென்ட் வேலை பாத்திருக்கு. விலைவாசி சொல்ற மாதிரி எதுவும் ஏறல.

காசு வந்து விலை ஏறணும்னா சரக்கு வர வழி இல்லாம இருக்கணும், ஒத்தக் கடை மட்டும் இருக்கணும். குறிஞ்சிப்பாடியில அந்த நெலமையா? வடலூர் பக்கம், நெய்வேலி பக்கம், கடலூர் பக்கம், நெனச்சா லோடு எறக்கிடலாம். ஒரு ஊர்ல நூறு குடும்பம் மாசம் மூவாயிரம் நாலாயிரம் செலவு பண்ணா விலை ஏறாது, உங்க கடை மாதிரி நாலு கடை ஓடும்.

அந்த லெபனான் ஆய்வுல எனக்கு மனசு கனத்துப் போன எடம் வேற ஒண்ணு. குளிருக்கு எண்ணெய் வாங்கத்தான் காசு, ஆனா பெரும்பகுதி போனது மத்த அடிப்படைத் தேவைக்கு, முக்கியமா சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும். குளிர்ல நடுங்கிக்கிட்டே அந்தத் தாய்ங்க மொதல்ல புள்ளைங்களுக்கு சோறு வாங்கியிருக்காங்க. பசியா இருக்கோம்னு யார்கிட்டயும் போயி அவங்க கையேந்தி நிக்க வேண்டி வரல, அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. அதே சமயம், போதாத காசுன்னா எதையாவது விட்டுத்தான் எதையாவது வாங்கணும்ங்கிறதும் அதுலயே இருக்கு. காசு வாங்கின வீட்ல புள்ளைங்களை வேலைக்கு அனுப்புறது கொறைஞ்சுதுன்னும் அதே ஆய்வு சொல்லுது.

ஒண்ணு கேக்கட்டுமா அண்ணே? நீங்க கணக்கு வெச்சு குடுக்குறீங்களே, அதுக்கு காரணம் டோல் வந்துரும்ங்கிற நம்பிக்கைதானே. அந்த காசு ஒரு மாசம் வரலைன்னா உங்க நோட்டுல பாக்கி ஏறும், ரெண்டு மாசம் வரலைன்னா நீங்களே, மனசு நல்ல மனசா இருந்தாலும், நோட்டை மூடித்தான் ஆகணும். அப்போ உங்ககிட்ட கணக்கு வெச்சு வாங்குற முகாம் அக்கா எங்க போவாங்க? வட்டிக்கு காசு குடுக்குற தண்டல்காரர்கிட்ட.

மத்த நாட்டு முகாம்ல எல்லாம் கண்ணைக் காட்டினா சாமான் குடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா? நான் எகனாமிக்ஸ் படிக்கிறேன்.
(கடலூர் கல்லூரி மாணவி)

உண்மைதான்மா. ஜோர்டான்ல சாத்தாரின்னு ஒரு முகாம், சிரியாவுல இருந்து தப்பி வந்தவங்களுக்காக 2012 ஜூலையில தெறந்தது. அங்க சூப்பர் மார்க்கெட்ல சாமான் எடுத்துட்டு கவுண்டர்ல நின்னு கண்ணை ஒரு கருவிக்கு நேரா காட்டினா, கருவிழியை வெச்சு ஆளை கண்டுபுடிச்சு, ஐநா உலக உணவுத் திட்டம் அவங்க பேர்ல போட்ட தொகையில இருந்து கழிச்சுக்கும். 2016-ல ஆரம்பிச்ச ஏற்பாடு. கார்டு தொலையுற பயம் இல்ல, பின் நம்பரை வேற யாரும் வாங்கி வெச்சுக்கற பயம் இல்ல. ஆனா கருவிழியை ஒரு கம்ப்யூட்டர்ல குடுத்துட்டா அதை திருப்பி வாங்க முடியாது, வேணாம்னு சொல்ற எடத்துல ஒரு அகதி இல்ல, இதை நீ படிக்கிறப்போ யோசிச்சு பாரு.

துருக்கியில வேற மாதிரி. 2016 கடைசியில இருந்து ஐரோப்பிய யூனியன் காசுல, துருக்கி செம்பிறைச் சங்கத்தோட கார்டு ஒண்ணு. முகாமுக்கு வெளிய வாடகை வீட்ல இருக்குற அகதிகளுக்குத்தான் அது, ஆளுக்கு மாசம் மொதல்ல 100 லிரா, 2017-ல இருந்து 120 லிரா, 15 லட்சம் பேருக்கு மேல வாங்கினாங்க. ஏடிஎம்ல எடுக்கலாம், கடையில தேய்க்கலாம். கென்யாவுல காகுமா முகாம்ல 2015-ல செல்போன்ல சாப்பாட்டுக்கு பணம் வர்ற திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பேரு பம்பா சகுலா, சுவாஹிலியில உன் சாப்பாட்டை வாங்கிக்கோங்கிற மாதிரி அர்த்தம். அதை வெச்சே அகதிகள்ல நெறைய பேர் முகாமுக்குள்ள சின்ன சின்ன கடை போட்டுட்டாங்க.

வங்கதேசத்துல காக்ஸ் பஜார் பக்கம் இருக்குற ரோஹிங்கியா முகாம் கதைதான் ரொம்ப வேதனை. அங்க கையில காசு குடுக்க அரசு விடாது, சாப்பாட்டுக்கு கார்டு மட்டும்தான், குறிப்பிட்ட கடையில மட்டும்தான். ஆளுக்கு மாசம் 12 டாலர்னு இருந்ததை நிதி வரலைன்னு 2023 மார்ச்ல 10 ஆக்கினாங்க, ஜூன்ல 8 ஆக்கினாங்க. 8 டாலர்னா ஒரு நாளைக்கு 27 சென்ட். 2024-ல மறுபடி ஏத்தினாங்க, ஆனா கொறைச்ச அந்த மாசங்கள்ல கைக்குழந்தைங்க இருந்த வீட்டை நெனச்சுப் பாரும்மா. ஜோர்டான் முகாம்லயும் அதே 2023-ல 23 தினார்ல இருந்து 15 தினாருக்கு எறக்கினாங்க. எங்கயோ ஒரு பணக்கார நாட்டு பட்ஜெட்ல ஒரு வரி மாறுது, இங்க ஒரு தட்டுல ஒரு வேளை போயிடுது. உன் எகனாமிக்ஸ் வாத்தியார்கிட்ட இதைக் கேளு, கருவிழிக் கருவியை விட இதுதான் பெரிய கேள்வி.

நாங்க தேவனாம்பட்டினம். சுனாமியில எல்லாம் போச்சு, தானே புயல்ல போச்சு, 2024-ல ஃபெஞ்சல் புயலுக்கு எங்களுக்கு குடுத்தது 2000 ரூபா. அகதிக்கு மாசாமாசமா? சொந்த ஜனத்துக்கு மொதல்ல பண்ணட்டும்.
(கடலூர் வாசகர்)

உங்க கோபம் எனக்குப் புரியுது. 2004 டிசம்பர் 26-ம் தேதி உங்க கடற்கரையில என்ன நடந்துச்சுன்னு இந்த மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. ஃபெஞ்சல்ல தென்பெண்ணை தண்ணி வீட்டுக்குள்ள வந்து சட்டி பானை முதற்கொண்டு அடிச்சுக்கிட்டு போச்சு, அதுக்கு 2000 பத்தவே பத்தாது, பக்கத்துல புதுச்சேரியில 5000 குடுத்தாங்க, அதுவும் பத்தல. இதுல உங்க பக்கம்தான் நான்.

ஆனா அந்த 2000 கைக்கு வந்த அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்கன்னு யோசிங்க. யாரோ ஒருத்தர் கொண்டாந்து குடுத்த பழைய துணி, பிஸ்கட் பாக்கெட்டு, இதை விட அந்த 2000 உங்களுக்கு உதவியா இருந்திருக்கும், ஏன்னா உங்க வீட்ல என்ன போச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கு அடுப்பு, ஒருத்தருக்கு வலை, ஒருத்தருக்கு புள்ளையோட ஸ்கூல் பை. சுனாமிக்கு அப்புறம் கடலூர் பக்கம் ரோட்டோரமா குவிஞ்சு கெடந்த பழைய துணியை நான் பாத்திருக்கேன். அனுப்பினவங்க நல்ல மனசோடதான் அனுப்பினாங்க, ஆனா அதுல ஒண்ணும் எடுத்து உடுத்துற மாதிரி இல்ல.

உங்களுக்கும் முகாம் ஜனத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, கோவப்படாம கேளுங்க. புயல் போனா நீங்க மறுபடி கடலுக்கு போலாம், உங்க புள்ளை படிச்சா அரசு வேலைக்கு எழுதலாம், பட்டா கேக்கலாம், ஓட்டு கேட்டு வர்றவங்களை நிறுத்தி கேள்வி கேக்கலாம். 1983 ஜூலைக்கு அப்புறம் படகேறி வந்தவங்க, 1990-ல வந்தவங்க, 2006-க்கு மேல வந்தவங்கன்னு முகாம்ல இருக்குறவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போடல, 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துலயும் இலங்கைத் தமிழர் இல்ல. இங்கயே பொறந்து இன்ஜினியரிங் முடிச்ச பையன் பெயிண்ட் டப்பா தூக்கிக்கிட்டு போறதை நான் பாத்துருக்கேன். அதிகாரிங்க வந்து ஆள் கணக்கு எடுக்குற செக்கிங் அன்னைக்கு முகாம்ல ஆள் இல்லைன்னா டோல் நின்னுரும், அதனால கோயம்புத்தூர்ல வேலையில இருக்குறவன்கூட கூலியை விட்டுட்டு பஸ் ஏறி வரணும்.

உங்களுக்கு கூட குடுக்கணும்னு கேளுங்க, நானும் சேந்து கேக்குறேன். அவங்களுக்கு நிறுத்துங்கன்னு மட்டும் கேக்காதீங்க, அவங்க காசை நிறுத்தினா அது தேவனாம்பட்டினத்துக்கு வரப்போறது இல்ல.

நான் ரிட்டயர்டு ஆசிரியர். முகாமுக்கு நேரா போயி பத்து குடும்பத்துக்கு காசு குடுக்கலாமா?
(ரெட்டியார்பாளையம் வாசகர்)

நேரா போகாதீங்க சார். உள்ள போக அனுமதி வேணும், வருவாய்த்துறையிலயும் க்யூ பிராஞ்ச் போலீஸ்லயும் சொல்லணும். அதோட பத்து வீட்டுக்கு குடுத்தா பதினொண்ணாவது வீடு பாத்துக்கிட்டு நிக்கும், வாங்கினவங்களுக்கும் அது சங்கடம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்னு ஒண்ணு 1984-ல இருந்து இருக்கு, சந்திரஹாசன் ஆரம்பிச்சது, முகாம் ஜனங்களே நடத்துறது, அவங்க மூலமா போங்க. ஒரு புள்ளையோட காலேஜ் ஃபீஸை மூணு வருஷத்துக்கு ஏத்துக்கோங்க. ஏத்துக்கிட்டா நடுவுல விட்றாதீங்க, தயவு செஞ்சு.

அக்கா, நான் முகாம்லதான் பொறந்தேன், அம்மா 1990-ல திருகோணமலையில இருந்து வந்தவங்க. நாங்க நாலு பேர், எனக்கு சின்ன புள்ளைங்க ரெண்டு. டோல் 3500 வருது. வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலை, மழை மாசத்துல வேலையே இருக்காது. போன ஐப்பசியில தண்டல் வாங்கினது இன்னும் முடியல. நீங்க மீன் சொதியைப் பத்தி எழுதினீங்க, அதைப் படிச்சுட்டு எங்க வரிசையில ஒருத்தங்க, "பாரு, டோல் காசுல மீன் திங்குறாங்கன்னு பேப்பர்ல வந்துடுச்சு"ன்னு பயந்தாங்க. தொகையைக் கூட்டச் சொல்லி யார்கிட்ட கேக்கணும்?
(முகாம் வாசகி)

தங்கச்சி, மொதல்ல மன்னிச்சுக்கோம்மா. நான் சந்தோஷத்துல எழுதினது உங்க வரிசையில பயத்தை உண்டு பண்ணும்னு நெனக்கல. மீன் வாங்கினது தப்பு இல்ல. கடலோரத்துல பொறந்த ஜனம், மன்னார்லயும் திருகோணமலையிலயும் தெனமும் மீன் தின்னு வளந்த ஜனம், மாசத்துல ஒரு நாள் புள்ளைங்களுக்கு மீன் குடுக்க யார்கிட்டயும் அனுமதி வாங்க வேணாம். அந்த ஒரு நாள் என்ன சமைக்கிறதுன்னு உங்க கையில இருக்குறதுக்குத்தான் அது காசா வருது.

உங்க கணக்கை நானும் போட்டுப் பாத்தேன். 1500, 1000, ரெண்டு புள்ளைங்களுக்கு 1000, ஆக 3500. முப்பது நாளைக்கு பிரிச்சா ஒரு நாளைக்கு 116 ரூபா சில்லறை, நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 29 ரூபா. அரிசி இருக்குன்னே வெச்சுக்கிட்டாலும் பருப்பு, காய், எண்ணெய், சோப்பு, பால், மாத்திரை, பஸ்சு எல்லாம் இந்த 29-க்குள்ள. இதை வெச்சு சிக்கனமா இருங்கன்னு உங்களுக்கு புத்தி சொல்ற தகுதி எனக்கு இல்ல, இந்தக் காசுல குடும்பம் நடத்துற உங்ககிட்டதான் நான் கத்துக்கணும்.

தண்டல் விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்றேன், இதுவும் முகாம் பொம்பளைங்ககிட்ட பாத்ததுதான். டோல் வந்த அன்னைக்கே ஆளுக்கு நூறு ரூபா மகளிர் குழுவுல போட்டு வெச்சுட்டு, ஐப்பசி கார்த்திகையில யாருக்கு வேலை இல்லையோ அந்த வீட்டுக்கு குழுவுல இருந்து கொறைஞ்ச வட்டிக்கு எடுத்து குடுக்குறாங்க. இருபது பேர் சேந்தா மாசம் 2000, பத்து மாசத்துல 20,000. பெரிய தொகை இல்லதான், ஆனா தண்டல்காரர் வாசல்ல வந்து நின்னு கத்துறதை நிறுத்த அது போதும். அந்த தேதியில காசு வரும்னு உறுதியா தெரிஞ்சாத்தான் இப்படி ஒரு குழுவே ஓடும், அதனாலதான் இந்தப் பக்கம் பூரா தேதி தேதின்னு எழுதியிருக்கேன். உங்க பழைய தண்டலை மொதல்ல குழுவுல சொல்லுங்க, வெக்கப்படாதீங்க, உங்க வரிசையிலயே இன்னும் நாலு பேருக்கு அது இருக்கும்.

தொகையைக் கூட்டச் சொல்லி கேக்க ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணு, விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், திங்கக்கிழமை மக்கள் குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம், குடுத்ததும் ரசீது கேட்டு வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, சென்னை சேப்பாக்கம் எழிலகத்துல இருக்குற மறுவாழ்வுத் துறை ஆணையர் அலுவலகம், அதுக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க. தனியா அனுப்பாதீங்க, இருபது முப்பது பேரா கையெழுத்து போட்டு அனுப்புங்க. "கஷ்டமா இருக்கு"ன்னு மட்டும் எழுதாம, 2021-ல தொகை ஏறினப்போ கேஸ், எண்ணெய், பருப்பு, பால் என்ன விலை, இப்போ என்ன விலைன்னு ரெண்டு பத்தியா போட்டு அனுப்புங்க. உங்க மளிகைக் கடைக்காரர் பழைய கணக்கு நோட்டை வெச்சிருந்தா அந்த பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோட குத்திடுங்க. மனு எழுத கை வேணும்னா இந்தப் பக்கத்துக்கே ஒரு கார்டு போடுங்க, செக்கிங் இல்லாத நாளா பாத்து சொல்லுங்க, அனுமதி வாங்கிட்டு நானே வர்றேன்.